காரின் கூரைத் துணிக்கான பசை வெயிலில் இளகுவது குறித்த புகார்

அனுப்புநர்: தங்கள் கூரைத் துணித் தொகுப்பை வாங்கிய வாடிக்கையாளர்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: கார்க் கூரைத் துணித் தொகுப்பில் வெப்பம் தாங்காத பசை வைத்து விற்றது – முழு இழப்பீடும் விற்பனை நிறுத்தமும் கோருதல்

பார்வை: என் முதல் புகாருக்குத் தங்கள் சேவைப் பிரிவு அனுப்பிய பதில்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். காரின் கூரையில் உட்புறம் ஒட்டியிருக்கும் துணியை வீட்டிலேயே மாற்றிக்கொள்வதற்கான முழுத் தொகுப்பு என்று தாங்கள் விற்கும் பெட்டியை வாங்கி, என் காரின் கூரைத் துணியை நானே மாற்றினேன். அந்தத் துணி இப்போது மறுபடியும் தொங்குகிறது. பெட்டியில் இருந்த ஸ்பிரே பசை வெயிலில் இளகியதே காரணம். தங்கள் சேவைப் பிரிவோ, துணி ஒட்டப்படும் கூரைப் பலகையில் இருந்த பழைய ஃபோமை, அதாவது துணியின் முதுகில் இருக்கும் பஞ்சு போன்ற அடுக்கைச் சரியாக நீக்காமல் நான் ஒட்டியிருக்க வேண்டும் என்று பதில் எழுதி, அதே பசையில் இன்னொரு டப்பா அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறது. இரண்டையும் நான் ஏற்கவில்லை. கூரைத் துணி வேலை தெரிந்த ஒருவர் இந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அப்படி ஒருவர் படித்தால், இணைத்துள்ள புகைப்படங்களைப் பார்த்ததுமே காரணம் எது என்று சொல்லிவிடுவார்.

என் கார் பழையது. இன்ஜின் நன்றாக இருக்கிறது. கூரை மட்டும் போய்விட்டது. முதலில் பின் கண்ணாடி ஓரத்தில் துணி லேசாக உப்பியது. பிறகு நடுவில் பை போலத் தொங்கி, பின்னால் வரும் வண்டியைக் கண்ணாடியில் பார்க்க முடியாதபடி மறைத்தது. பின் இருக்கையில் உட்காரும் என் அம்மாவின் தலைமுடியிலும் புடவையிலும் மஞ்சள் தூள் கொட்டிக்கொண்டே இருந்தது. அந்தத் தூள்தான் பழைய ஃபோம். கூரைத் துணியின் முதுகில் சில மில்லிமீட்டர் கனத்துக்குப் பாலியூரித்தேன் ஃபோம் ஒட்டியிருக்கும். ஆண்டுக்கணக்கில் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் கிடந்து அந்த ஃபோம் மக்கி உதிர்கிறது. துணியும் கெடுவதில்லை, பலகையும் கெடுவதில்லை. இரண்டுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டிருந்த ஃபோம் இல்லாமல் போகிறது. இதனால்தான் குண்டூசி குத்துவதும், இடுக்கில் பசையைப் பீய்ச்சுவதும் நிலைப்பதில்லை. தூளின் மேல் எந்தப் பசையும் நிற்காது. இது தெரிந்ததால்தான், செலவானாலும் பரவாயில்லை, ஒரே தடவையில் முறையாகச் செய்துவிட வேண்டும் என்று தங்கள் தொகுப்பை வாங்கினேன்.

வேலையையும் முறையாகவே செய்தேன். சன் வைசர்கள், உள்விளக்கு, கைப்பிடிகள், கதவோர ரப்பர் பீடிங், பில்லர் மூடிகள் (கூரையைத் தாங்கும் தூண்களின் மேல் உள்ள பிளாஸ்டிக் மூடிகள்) எல்லாவற்றையும் கழற்றி, முன் இருக்கைகளை முழுதாகச் சாய்த்து, கூரைப் பலகையை மடங்காமல் வெளியே எடுத்தேன். அதை மேசை மீது கிடத்திப் பழைய துணியை உரித்தேன். பிறகு முகமூடி அணிந்துகொண்டு, பழைய ஃபோமை நைலான் பிரஷால் தேய்த்தேன். கம்பி பிரஷ் பலகையின் மேல்தோலைக் கிழித்துவிடும் என்பதால் அதைத் தொடவே இல்லை. இந்த வேலையில் பொறுமையைச் சோதிக்கும் கட்டம் இதுதான். தேய்க்கத் தேய்க்கத் தூள் பசை பிசுபிசுப்போடு உருண்டு வரும். வேக்குவம் பிடித்து, துடைத்து, மறுபடி தேய்க்க வேண்டும். உள்ளங்கையைப் பலகையில் அழுத்தி எடுத்தால் கையில் ஒரு துகள்கூட ஒட்டாத நிலை வரும்வரை தேய்த்தேன். துணி ஒட்டும் முன் எடுத்த பலகையின் படம் இணைப்பில் உள்ளது. அதில் பழைய ஃபோம் எங்கே இருக்கிறது என்று தங்கள் சேவைப் பிரிவு காட்டட்டும்.

ஒட்டும்போதும் தங்கள் கையேட்டின் ஒவ்வொரு வரியையும் பின்பற்றினேன். பலகையிலும் துணியின் முதுகிலும் பசை அடித்து, விரலால் தொட்டால் ஒட்டாமல் பிசுக்கென்று மட்டும் இருக்கும் பதம் வரக் காத்திருந்தேன். துணியைப் பாதியாக மடித்துப்போட்டு, நடுவிலிருந்து ஓரம் நோக்கி உள்ளங்கையால் நீவினேன். ஃபோம் நசுங்கினால் பசை துணியின் மேற்பக்கம் ஊறிக் கறையாகும் என்பதால் எங்கேயும் அழுத்தவில்லை. பள்ளமான வளைவுகளில் துணியை இழுத்துக் கட்டாமல், தளர விட்டு விரலால் உள்ளே பதித்தேன். ஓரங்களில் பலகையின் பின்புறம் மடித்து ஒட்டப் போதிய துணி விட்டே வெட்டினேன். மாட்டி முடித்தபோது ஒரு சுருக்கம்கூட இல்லை. அந்தக் கூரையைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

வெயில் ஏறியதும் அது விழத் தொடங்கியது. எப்படி விழுந்தது என்பதில்தான் என் புகாரின் உயிர் இருக்கிறது. தயவுசெய்து இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள்.

பின் இருக்கைக்கு மேலே கூரை கீழ்நோக்கி வளையும் இடத்தில் முதலில் துணி விட்டது. மதிய வெயிலில் நின்ற காரில் ஏறி, விட்ட இடத்தின் விளிம்பை மெதுவாகக் கீழே இழுத்தேன். துணிக்கும் பலகைக்கும் நடுவே பசை நூல் நூலாக நீண்டது. துணியின் முதுகிலும் பசை, பலகையிலும் பசை. புதிய ஃபோம் கிழியவில்லை, உதிரவில்லை, முழுதாக இருந்தது. பலகையின் தோலும் உரிந்து வரவில்லை. மாலையில் கார் குளிர்ந்த பிறகு அதே இடத்தைத் தொட்டால், அந்த நூல்கள் இறுகி, பிசுக்கு இல்லாமல் கிடந்தன. அடுத்த நாள் வெயிலில் மறுபடி இளகின.

பலகையில் பழைய தூள் மிச்சம் இருந்திருந்தால், பசை அந்தத் தூளைப் பெயர்த்துக்கொண்டு வந்திருக்கும். துணியின் முதுகில் மஞ்சள் துகள் படலம் இருந்திருக்கும். பலகைப் பக்கம் பசையற்று இருந்திருக்கும். பசை போதாமல் அடித்திருந்தால் திட்டுத்திட்டாக விட்டிருக்கும். விட்ட இடம் காய்ந்திருக்கும். இங்கே பசை இரு பக்கமும் நன்றாகப் பற்றியிருக்கிறது. தனக்குள்தான் அது பிரிந்திருக்கிறது. சூட்டில் தன் பலத்தை இழக்கும் பசை ஒன்றுதான் இப்படி விடும். இதில் ஒட்டியவரின் கைக்கு எந்தப் பங்கும் இல்லை.

சந்தேகம் வேண்டாம் என்று, டப்பாவில் மீந்திருந்த பசையால் மீந்த துணித் துண்டு ஒன்றைச் சுத்தமான கண்ணாடித் தகட்டில் ஒட்டி, நன்றாகக் காயவிட்டு, ஓரத்தில் ஒரு கிளிப் மாட்டி வெயிலில் தொங்கவிட்டேன். கண்ணாடியில் பழைய ஃபோம் இருக்க வழியே இல்லை. அதிலிருந்தும் துணி நூல் விட்டுக்கொண்டு இறங்கியது. அதன் படமும் இணைப்பில் இருக்கிறது.

பிறகு டப்பாவின் லேபிளை முழுதாகப் படித்தேன். பெட்டியின் முகப்பில் எங்கும் இல்லாத ஓர் எண் டப்பாவின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கிறது: ஒட்டிய பிறகு இந்தப் பசை தாங்கும் வெப்பம் 45 டிகிரி செல்சியஸ். டப்பாவை 50 டிகிரிக்கு மேல் சூடாக்கக் கூடாது என்ற வழக்கமான எச்சரிக்கையை நான் இதோடு குழப்பிக்கொள்ளவில்லை. அது டப்பாவுக்குள் இருக்கும் அழுத்தத்தைப் பற்றியது, தனியாக அச்சிடப்பட்டிருக்கிறது. 45 என்பது பசையின் பிடிப்புக்குத் தாங்களே கொடுத்திருக்கும் வரம்பு.

வெயிலில் நிற்கும் காருக்குள் வெப்பம் எவ்வளவு ஏறும் என்பது இரகசியம் அல்ல. அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடும் கோடை நாட்களில் கார்களை நிறுத்திவைத்து அளந்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் உள்காற்று சராசரியாக 47 டிகிரியைத் தொட்டது; டாஷ்போர்டின் சராசரி 69 டிகிரியாக இருந்தது. உள்காற்றே தங்கள் பசையின் வரம்பைத் தாண்டிவிடுகிறது. கூரைப் பலகையோ வெயிலை நேரே வாங்கும் தகரத்துக்கு அடியில், ஒரு சிறு இடைவெளியில் இருக்கிறது. காரில் வெயிலின் சூடு முதலில் சேரும் இடங்களில் ஒன்றுக்கு 45 டிகிரி பசையைக் கொடுப்பது எப்படி நியாயம்? கூரைத் துணிக்கென்றே, 70 டிகிரியிலும் பிடிப்பு விடாத ஸ்பிரே பசைகள் சந்தையில் இருக்கின்றன. கைவினை வேலைக்கும் காகிதம் ஒட்டுவதற்குமான பசையின் மீது "கார்க் கூரைக்கு உகந்தது" என்று அச்சடித்து விற்பது வாங்குபவரை ஏமாற்றுவதாகும். இந்தச் சொல்லை யோசித்துத்தான் எழுதுகிறேன்.

இன்னொரு டப்பா தருகிறோம் என்ற யோசனை என்னை மேலும் வருத்தியது. இளகிய பசை ஊறிய ஃபோமை உரித்தெடுக்கும்போது அது கிழியும். அந்தத் துணி இனி உதவாது. பலகையில் படிந்த பசையைச் சுரண்டினால் அதன் தோலும் கூட வரும். கரைப்பான் ஊற்றினால் பலகை நொய்ந்துபோகும் அபாயம் உண்டு. மறுபடி பில்லர் மூடிகளைக் கழற்ற வேண்டும். பழைய காரின் பிளாஸ்டிக் கிளிப்புகள் ஒவ்வொரு முறை கழற்றும்போதும் உடையும். புதிதாக அவை கிடைப்பதும் அரிது. கெட்டது பசை என்றாலும், அதனால் பாழானது துணி, பலகை, கிளிப்புகள், உழைப்பு எல்லாம்தான். அதற்கு மாற்றாக, அடுத்த வெயிலில் இளகப்போகும் அதே பசையைக் கொடுப்பது எந்த வகையில் தீர்வாகும்?

பசையைப் போலவே கையேட்டையும் தாங்கள் திருத்த வேண்டும். பல கார்களில் பக்கவாட்டுக் கூரையோரத்தில் திரைச்சீலை ஏர்பேக் (மோதலின்போது பக்கக் கண்ணாடியை மூடி விரியும் காற்றுப்பை) மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. பில்லர் மூடிகளைக் கழற்றுபவர் முதலில் பேட்டரி இணைப்பைத் துண்டித்து, வாகனக் கையேடு சொல்லும் நேரம் காத்திருக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது, ஏர்பேக் விரியும் பாதையில் துணியோ பசையோ குறுக்கே வரக் கூடாது. அதற்கென உள்ள கிளிப்புகளுக்குப் பதிலாக வேறெதையும் போட்டு இறுக்கவும் கூடாது. தங்கள் கையேட்டில் ஏர்பேக் என்ற சொல்லே இல்லை. எனக்கு இது முன்பே தெரிந்திருந்தது. தெரியாத ஒருவர் அந்தக் கையேட்டை மட்டும் நம்பி ஸ்குரூடிரைவரால் நெம்பினால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. பசையின் ஆவி எளிதில் தீப்பிடிக்கக் கூடியது என்று டப்பா எச்சரிக்கிறது. ஆனால் கையேட்டுப் படமோ, கதவுகளை மூடிய கொட்டகைக்குள் ஒருவர் பசை அடிப்பதைக் காட்டுகிறது. துணியும் சுருட்டப்படாமல் நான்காக மடித்துத்தான் வந்தது. ஃபோம் ஒட்டிய துணியை மடித்தால் மடிப்புக் கோடு எளிதில் போகாது. விரித்து வைத்துக் காத்திருந்ததில் என்னுடையதில் பெரும்பகுதி மறைந்துவிட்டதால் அதை ஒரு குறிப்பாக மட்டும் சொல்கிறேன்.

தொகுப்பின் முழு விலையையும், பாழான துணிக்கும் உடைந்த கிளிப்புகளுக்கும் பலகையைச் செப்பனிடவும் ஆகும் செலவையும் தாங்கள் எனக்குத் தர வேண்டும்; இரசீதுகளின் நகல்களை இணைத்துள்ளேன். மாற்று டப்பா வேண்டாம். என் கையில் தவறு என்று சொன்ன அந்தப் பதிலை எழுத்து மூலம் திரும்பப் பெற வேண்டும். இதே பதில் வேறு எத்தனை பேருக்குப் போயிருக்குமோ என்ற கவலை எனக்கு இருக்கிறது. அவர்கள் தம் வேலையைத்தான் குறை சொல்லிக்கொண்டு, மறுபடி காசு கொடுத்து அதே பசையை வாங்கியிருக்கக் கூடும். ஆகவே வெப்பம் தாங்கும் பசை கிடைக்கும்வரை இந்தத் தொகுப்பின் விற்பனையை நிறுத்துங்கள். பசையின் வெப்ப வரம்பைப் பெட்டியின் முகப்பில், கண்ணில் படும் எழுத்தில் அச்சிடுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களின் விவரம் தங்களிடம் இருக்கிறது. அவர்களுக்குப் பசை பற்றியும் ஏர்பேக் பற்றியும் உடனே தெரியப்படுத்துங்கள். இவற்றில் ஏர்பேக் எச்சரிக்கை ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

மீந்த பசை உள்ள டப்பா, கண்ணாடித் தகடு இரண்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். தங்கள் தொழில்நுட்பப் பிரிவினர் நேரில் வந்து பார்க்கலாம்; காரையும் காட்டுகிறேன். பார்க்காமலேயே காரணம் சொல்லும் பதில் இன்னொன்று வந்தால், இதே ஆதாரங்களுடன் நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பை அணுகுவேன். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள், பொறுப்பான ஒருவரின் கையொப்பத்துடன் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: இரசீது நகல்கள், சுத்தம் செய்த பலகை, விட்ட பசை, கண்ணாடித் தகட்டுச் சோதனை, டப்பா லேபிள் ஆகியவற்றின் புகைப்படங்கள், தங்கள் சேவைப் பிரிவின் பதில்