நடைப்பயணச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. குளிர்கால நடையும் முதலுதவிப் பயிற்சியும் குறையின்றி நடந்தேறின.

இனி, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள சீயோன் தேசியப் பூங்கா. அங்கே வர்ஜின் ஆறு மணற்பாறையை அறுத்து உண்டாக்கிய 'நாரோஸ்' இடுக்கில் உறுப்பினர்களை நடத்திச் செல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். அங்கே ஆறுதான் பாதை.

ஆகஸ்டில் குறித்த பயணத்தை நான் தள்ளிவைத்தது பற்றி இன்னும் பேச்சு அடிபடுகிறது. வானம் தெளிவாகத்தானே இருந்தது என்கிறார்கள். மழை நம் தலைக்கு மேல் பெய்ய வேண்டியதில்லை. பல மைல் தள்ளி மேட்டு நிலத்தில் கொட்டினாலும் வெறும் பாறை அதை உறிஞ்சாது. அத்தனை நீரும் இடுக்குக்குள் பாயும். 2015 செப்டம்பரில் இதே பூங்காவின் கீஹோல் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து ஏழு பேர் இறந்தார்கள். நாம் கிளம்பவிருந்த நாளன்று காலை திடீர் வெள்ள எச்சரிக்கையைப் பார்த்த பிறகும் உங்களை உள்ளே இறக்க எனக்கு மனம் வரவில்லை. மறுபடி அப்படி நேர்ந்தாலும் தள்ளித்தான் வைப்பேன்.

அக்டோபரில் போனோம். ஓட்டம் வினாடிக்கு 150 கன அடியைத் தாண்டினால் வழியை மூடிவிடுவார்கள். அன்று அதில் பாதிகூட இல்லை. பூங்கா பஸ்ஸின் கடைசி நிறுத்தத்தில் இறங்கி, ஒரு மைல் நடைபாதை முடிந்ததும் ஆற்றில் கால் வைத்தோம். உருண்டைக் கற்கள் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கின. நீரோட்டத்துக்கு முகம் கொடுத்து, கோலை முன்னே ஊன்றி, அது நிலைத்த பிறகே அடுத்த காலை எடுக்க வேண்டும். இப்படி நடக்கும் பயிற்சிக்கு வந்தவர்கள் தடுமாறவில்லை. வராதவர்களுக்கு வழிநெடுகக் கை கொடுக்க வேண்டியிருந்தது. 'வால் ஸ்ட்ரீட்' பகுதியில் இருபுறமும் செங்குத்துப் பாறை, ஒதுங்கக் கரையே கிடையாது. நம் மூத்த உறுப்பினர் இடுப்பளவு நீரில் பாறைமேல் உள்ளங்கையை வைத்து அண்ணாந்து நின்றவர், கூப்பிட்டும் நகரவில்லை. இத்தனை பாடும் அதற்காகத்தான்.

ஒரே சங்கத்திலிருந்து ஒரே நாளில் 12 பேருக்கு மேல் அங்கே செல்லக் கூடாது. பெயர் கொடுத்த பன்னிரண்டு பேரில் நால்வர் முந்தைய இரவு, வர இயலாது என்று செய்தி அனுப்பினார்கள். ஆசையோடு காத்திருந்தவர்கள் அதற்குள் எப்படிக் கிளம்புவது? அந்த நால்வரில் மூவர் சந்தாவும் செலுத்தவில்லை. நினைவூட்டல் கடிதங்களுக்கு இதுவரை பதில் இல்லை. இதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

வரவு செலவுக் கணக்கு பொருளாளரிடம் உள்ளது. வேன், கோல், குளிர்நீருக்கான நியோப்ரீன் காலுறை வாடகை போகக் கையிருப்பு ஓரளவு இருக்கிறது; நிலுவைச் சந்தா வந்தால் தேறிவிடும்.

ஒத்துழைத்த தலைவருக்கும் செயற்குழுவுக்கும் வேன் ஓட்டிய அன்பர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு மேலிருந்து கீழாக 16 மைலையும் நடக்க விரும்புகிறேன். அதற்கு முன் அனுமதிச் சீட்டு வேண்டும். சந்தா செலுத்தி, பயிற்சிக்கும் வந்தவர்களுக்கே முதலிடம் என்று தீர்மானம் முன்மொழிகிறேன். பொறுப்பில் நான் தொடர்வது பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. அனுமதி வேலையையும் பயிற்சியையும் பகிர்ந்துகொள்ள இருவர் இக்கூட்டத்திலேயே பெயர் கொடுத்தால், முடிவெடுப்பது எளிதாக இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்