சிமெண்ட் மூட்டையை இறக்கும் முன்: இங்கிலாந்துக் கிராமத் தேவாலயங்களின் சேகரக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சேகரக் குழுவினருக்கு,

கோடை வந்தால் சுவரில் சாந்து உதிர்ந்த இடங்களை அடைத்துவிட வேண்டும் என்று தேவாலயத்தை நிர்வகிக்கும் உங்களில் பலர் தீர்மானம் போட்டிருப்பீர்கள். அடையுங்கள். ஆனால் சிமெண்ட் வேண்டாம்.

ஹெரஃபோர்ட்ஷயரின் கில்பெக் தேவாலயம் 1140 வாக்கில் செம்மணற்கல்லில் எழுந்தது. கூரை விளிம்பின் கீழ் 85 சிற்பத் தாங்குகற்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் நாயும் முயலும் ஒட்டி உட்கார்ந்திருக்கும் கல் ஒன்று போதும், அந்தச் சிற்பியின் கைத்திறன் தெரிய. அந்தக் காலச் சுவர்களைச் சுண்ணாம்புச் சாந்தில்தான் எழுப்பினார்கள். சாந்து கல்லைவிட மென்மை. ஈரம் அதன் வழியே வெளியேறும், உப்பும் அதில் படியும், முதலில் கெடுவதும் அதுதான். கெட்ட சாந்தை மாற்றலாம். சிற்பக் கல்லை எங்கே போய் வாங்குவது?

போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை கிடைத்ததே 1824இல். அதைக் கொண்டு கற்களுக்கு இடையிலான இடுக்கை அடைத்தால் ஈரம் கல் வழியே வெளியேறப் பார்க்கும், பனியில் உறையும், கல்லின் முகம் பொருக்குப் பொருக்காக உரியும். கடைசியில் சிமெண்ட் கோடு விலா எலும்பு போலத் துருத்தி நிற்க, கல் குழிந்துபோகும். விரலால் தடவினால் மணல் கையோடு வரும்.

அதற்கும் முன்னால், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கூரையின் மழைநீர் வடிகாலில் இலை அடைத்திருக்கலாம். நூற்றாண்டுகளாக அடக்கம் செய்ததில் வெளித்தரை உள்தரையைவிட உயர்ந்திருக்கலாம். மண்ணை வெட்டி இறக்குவதானால் தொல்லியலாளர் உடனிருக்கட்டும். எலும்புகள் வரும், அஸ்திவாரமும் ஆழமாக இருக்காது.

இனி வேலை. பழைய சாந்தைக் கை உளியால் மட்டும் சுரண்டுங்கள். சுழல் அறுப்பான் கல்லின் ஓரத்தைத் தின்றுவிடும். ஆழம் இடுக்கின் அகலத்தைப் போல் இரு மடங்கு, குறைந்தது 25 மி.மீ. தூசியைக் கழுவி, கல்லை நனையுங்கள். நீரில் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு 1 பங்குக்குக் கூர்மணல் (கரகரப்பான மணல்) இரண்டரை முதல் 3 பங்கு. மென்கல்லுக்கு வலிமை குறைந்த தரம் போதும். அழுத்தி நிரப்பி, சற்று இறுகியதும் கெட்டித் தூரிகையால் தட்டுங்கள். பிறகு ஈரக் கோணியால் ஒரு வாரமாவது மூடிவையுங்கள். பெரும்பாலும் கெடுவது இங்கேதான்: வெயிலிலும் காற்றிலும் சட்டென்று காய்ந்தால் சாந்து வெடித்து மாவாக உதிரும். 5 டிகிரிக்குக் கீழ் குளிர்ந்தால் வேலையை நிறுத்துங்கள்.

ஏற்கெனவே பூசிய சிமெண்ட் கல்லைக் கவ்விக்கொண்டிருந்தால் பெயர்க்காதீர்கள். தளர்ந்ததை மட்டும் எடுங்கள். எஸ்ஸெக்ஸின் கிரீன்ஸ்டெட் மரத் தேவாலயத்தில் 1848இல் அடி மக்கிய ஓக் மரங்களை அந்த அளவுக்கே வெட்டி, செங்கல் அடித்தளத்தின் மேல் நிறுத்தினார்கள். மேலிருந்த பழைய மரம் இன்றும் நிற்கிறது.

உங்கள் திருமண்டலத்தின் (பேராயரின் ஆளுகைக்கு உட்பட்ட திருச்சபை வட்டாரம்) எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் உளியை எடுக்காதீர்கள். அனுமதி கிடைத்ததும் வடக்குச் சுவரில் ஒரு சதுர மீட்டர் மட்டும் மாதிரிக்குப் பூசி, ஒரு குளிர்காலம் முழுக்க விட்டுவையுங்கள். ஏப்ரலில் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
சுண்ணாம்புச் சாந்தில் வேலை செய்யும் கொத்தனார்கள்