முதல் சொட்டு ஏன் தாமதிக்கிறது?

அன்புள்ள டீச்சர்,

வணக்கம். எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு இந்த ஜூனில் நீங்கள் வேதியியல் ஆசிரியராக வந்திருப்பதாகத் தம்பி சொன்னான். நான் 2012-இல் அங்கே பிளஸ் டூ முடித்தவள். இப்போது ஒரு சாயப்பட்டறை லேபில் வேலை. தண்ணீரின் கடினத்தன்மை பார்க்க தினமும் சொட்டுச் சொட்டாகக் கரைசலை விடும் பியூரெட் குழாயைத் திறந்து மூடுகிற கை இது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எங்கள் காலத்தில் கெமிஸ்ட்ரிக்கு 200 மதிப்பெண். அதில் பிராக்டிகல் 50. அந்த 50-ம் முழுசாக வந்துவிட வேண்டுமே என்ற அக்கறையில், கொடுத்த உப்பு எதுவென்று கண்டுபிடிக்கும் உப்பு பகுப்பாய்வுக்கு எந்த மேஜையில் எந்த உப்பு என்பதைத் தேர்வன்று காலையே காதில் போட்டுவிடுவார்கள். ரெக்கார்ட் நோட்டு, போன வருஷத்து அக்காக்களுடையதைப் பார்த்து எழுதியது. நைட்ரேட் உப்புக்கான சோதனையில் 'பழுப்பு வளையம் தோன்றுகிறது' என்று எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். அந்த வளையத்தைக் கண்ணால் பார்த்தது கல்லூரிக்குப் போன பிறகுதான். லெட் அயோடைடு மஞ்சளாகப் படிவதும், சூடாக்கினால் கரைந்து காணாமல் போவதும், ஆறும்போது பொன் துகளாகச் சோதனைக் குழாய்க்குள் மினுமினுத்து இறங்குவதும் பதினேழு வயதில் பார்த்திருக்க வேண்டிய காட்சி டீச்சர். இன்றைக்கும் எனக்கு அந்த ஆதங்கம் உண்டு.

ஆனால் ஒன்று நடந்தது. ஆக்ஸாலிக் அமிலத்துக்கு எதிராகப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் டைட்ரேஷன்: பெர்மாங்கனேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எவ்வளவில் வினை முடிகிறது என்று அளப்பது. அன்று மட்டும் நாங்களே செய்தோம். பிப்பெட் என்ற அளவுக் குழாயில் ஆக்ஸாலிக் அமிலத்தை வாயால் உறிஞ்சி 20 மில்லி எடுத்து, சல்ஃப்யூரிக் அமிலம் சேர்த்து, ஆவி வரும்வரை சூடாக்கி, பியூரெட்டைத் திறந்தேன். கரைசல் அடர் ஊதா என்பதால் திரவ மட்டத்தின் கீழ் வளைவு தெரியாது, மேல் விளிம்பைத்தான் படிக்க வேண்டும் என்று அன்றுதான் கண்ணுக்குப் புரிந்தது. முதல் சொட்டு விழுந்தது. இளஞ்சிவப்பு அப்படியே நின்றது. நிறம் மறையாமல் நின்றால் வினை முடிந்தது என்று அர்த்தம்; அந்த முடிவுநிலை வந்துவிட்டதோ என்று பயந்து குடுவையைச் சுழற்றினேன், மெல்ல மறைந்தது. அதற்கப்புறம் விழுந்த சொட்டெல்லாம் பட்டுப்பட்டென்று மறைந்தன. முதல் சொட்டுக்கு மட்டும் ஏன் தாமதம் என்று கேட்டேன். "அது பரீட்சைக்கு வராதும்மா" என்றார்கள்.

விடை நூலக அலமாரியில் இருந்தது. எங்கள் நூலகப் பாடவேளையைக் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்ளும். அலமாரி பூட்டியே கிடக்கும். தமிழம்மா ஒருநாள் சாவி வாங்கித் திறந்துவிட்டார். பழைய கல்லூரிப் புத்தகம் ஒன்றில் இருந்தது: வினையில் உண்டாகும் மாங்கனீஸ் அயனியே அந்த வினையை முடுக்கிவிடுகிறது. முதல் சொட்டின்போது அது இல்லை, அதனால்தான் தயக்கம். வெறும் இரண்டு வரி. நான் பார்த்ததைப் புத்தகமும் பார்த்திருக்கிறது என்று தோன்றியபோது கை நடுங்கியது. நான் கெமிஸ்ட்ரி எடுத்ததற்கு வேறு காரணம் கிடையாது.

இப்போது உங்களிடம் வரும் பிள்ளைகள் எங்களைப் போல இல்லை. 2022 நவம்பரில் அரசுப் பள்ளிகளில் அறிவியலையும் கணக்கையும் செய்து பார்த்துக் கற்கத் தொடங்கிய வானவில் மன்றத்தில், ஆறு முதல் எட்டு வகுப்புக்குள் சோதனைகளைக் கையால் தொட்டுச் செய்தவர்கள் அவர்களில் இருப்பார்கள். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்து வந்த புத்தகங்களைப் படித்தவர்களும் பின்னாலேயே வருகிறார்கள். அப்படி வருகிறவர்கள் பிளஸ் ஒன்னில் பூட்டின அலமாரியைப் பார்க்கக் கூடாது. செய்முறைக்கு இப்போது 20 மதிப்பெண்தான். அந்த இருபதுக்காக உப்பின் பெயரை யாரும் முன்கூட்டிச் சொல்ல விடாதீர்கள். தப்பாகக் கண்டுபிடிக்கட்டும், ரெக்கார்டில் தப்பையும் எழுதட்டும்.

இன்னொரு வேண்டுகோள். லேபிலேயே ஒரு தட்டில் பத்துப் புத்தகம் வையுங்கள். ஆசிட் பட்டு ஓரம் கருகினால் பரவாயில்லை. கேள்வி வந்த சூட்டிலேயே புரட்ட ஏதாவது கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும்.

ஆடி நோன்பிக்கு ஊருக்கு வருகிறேன். பிப்பெட்டுக்கு மாட்டும் ரப்பர் பல்பு இரண்டு டஜன் வாங்கி வைத்திருக்கிறேன். இனி யாரும் வாயால் உறிஞ்ச வேண்டாம். நீங்கள் சம்மதித்தால் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளோடு நின்று ஆக்ஸாலிக் அமில டைட்ரேஷன் செய்ய ஆசை. முதல் சொட்டு விழும்போது நான் வாயைத் திறக்கவே மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் பள்ளியின் பழைய மாணவி