அறுவடைக்கே போ

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

இடையில் கிடைக்கிற ஒரு செமஸ்டரில் வீட்டுக்கு வரவா, நியூசிலாந்துக்குத் திராட்சை அறுவடை வேலைக்குப் போகவா என்று கேட்டிருந்தாய். அம்மாவும் நானும் பேசினோம். அறுவடைக்கே போ.

உன்னைப் பார்க்க ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் நீ படிக்கும் ஒயின் தயாரிப்புப் படிப்பு அப்படிப்பட்டது. ஆய்வகச் சோதனை சொதப்பினால் மறுநாளே திரும்பச் செய்யலாம். திராட்சை வருஷத்துக்கு ஒரு தடவைதான் பழுக்கும். நாலு வருஷப் படிப்பில் உன் கைக்கு வருவது நாலே அறுவடை. நீ இருக்கும் பூமியின் வடபாதியில் ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை பறிக்கிறார்கள், தென்பாதியில் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை. நீ போனால் அந்த நாலு ஐந்தாகும்.

போகிற இடத்தில் சாறு நொதிக்கும் தொட்டிகளோடு மட்டும் நின்றுவிடாதே. உனக்கு நொதித்தலும் ஈஸ்ட்டும்தான் பிடிக்கும் என்று தெரியும். உன் கடிதங்களில் தோட்டம் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது, அதுதான் என் கவலை. நீ சேர்ந்த பிறகு நானும் கிடைத்ததையெல்லாம் படிக்கிறேன். என்னை அப்படியே உட்கார வைத்தது மொட்டுதான். அடுத்த வருஷம் தொங்கப்போகும் கொத்து, இந்த வருஷமே மொட்டுக்குள் உருவாகிவிடுகிறதாம். கவாத்துக் கத்தரியோடு நிற்பவர் குச்சியில் இரண்டு மொட்டு விடுவதா, மூன்று விடுவதா என்று யோசிக்கும்போது, இன்னும் கண்ணுக்குத் தெரியாத பழத்துக்குக் கணக்குப் போடுகிறார். அதை அவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்.

ஃபிலாக்செரா பாடம் வந்திருக்கும். வேரைத் தின்னும் அந்தப் பூச்சி 1860களில் பிரான்சுக்குள் வந்து தோட்டம் தோட்டமாக அழித்தது. அமெரிக்கக் கொடியின் வேர் மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் மீண்டார்கள். அப்புறம் கலிபோர்னியாவில் நடந்ததையும் படி. நன்றாகக் காய்க்கிறது என்று டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பரிந்துரைத்த ஏ.எக்ஸ்.ஆர். 1 என்ற வேர்ச்செடியை, அதாவது ஒட்டுக்கு அடியில் வேராக நிற்கும் கொடியை, அங்கே நாபா, சோனோமா பகுதிகளில் ஏராளமாக நட்டார்கள். அதன் பெற்றோரில் ஒன்று ஐரோப்பியத் திராட்சை, பூச்சியை முழுதாகத் தாங்காது. ஐரோப்பாவில் அது ஏற்கெனவே தோற்றிருந்தது. 1980களில் பூச்சி பரவ, ஆயிரக்கணக்கான ஏக்கரைப் பிடுங்கி மறுபடி நட்டார்கள். இதனால் பேராசிரியர்களை நம்பாதே என்று சொல்லவில்லை. காய்ப்பைப் பார்த்த கண், மண்ணுக்கடியிலும் பார்க்க வேண்டும். வாடின கொடி தெரிந்தால் நீயே தோண்டி வேரைப் பார்.

அம்மா கட்டாயம் எழுதச் சொன்னது ஒன்று. நன்றாகப் பழுத்த திராட்சையின் ஒரு லிட்டர் சாறு நொதித்தால் 40 லிட்டருக்கும் மேல் கரியமில வாயு வரும். அது காற்றைவிடக் கனம், தரையோரமும் தொட்டிக்குள்ளும் தேங்கி நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. தொட்டிக்குள் ஒருவர் விழுந்தால் காப்பாற்றக் குதித்தவரும் சாகிறார். அறுவடை நேரத்தில் தூக்கமில்லாமல் எல்லோரும் அவசரப்படுவார்கள். யார் சொன்னாலும் சரி, காற்றை அளந்து பார்க்காமல், வெளியே ஒருவர் காவல் நிற்காமல் உள்ளே இறங்காதே. அவசரம் என்றால் அவர்கள் காத்திருக்கட்டும்.

கிளம்பும் தேதி முடிவானதும் எழுது. டிக்கெட்டுக்கு அம்மா பணம் எடுத்து வைத்துவிட்டாள். நல்ல ரப்பர் பூட்ஸ் வாங்கிக்கொள், அதில் மிச்சம் பிடிக்காதே.

அன்புடன்,
அப்பா