அம்பாசிடர் ஹவுசிங்ல பல்லு எண்ணிக்கைய எழுதி வித்தா என்ன?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

பழைய வண்டிய உடைக்குறத பத்தி பேப்பர்ல அப்பப்ப செய்தி வருது. 15 வருஷம் ஆன அரசு வண்டிக்கு 2023 ஏப்ரல் 1-ல இருந்து ஆர்சி புதுப்பிக்க மாட்டாங்கன்னு வந்துச்சு, அதுக்கு முந்தின வருஷம் தனியார் கார் ஆர்சி புதுப்பிக்கிற ஃபீஸ் 600 ரூபாயில இருந்து 5000 ஆனதும் வந்துச்சு. ஆனா உடைக்கிற வண்டியில இருந்து கழட்டுற பார்ட்ஸ் எங்க போகுது, அத யார் வாங்குறாங்க, வாங்குறவன் என்ன பாடுபடுறான்னு யாரும் எழுதி நான் பார்க்கல. அதான் என் அம்பாசிடருக்கு பழைய பின் ஆக்சில் வாங்கி பட்ட பாட்ட நானே எழுதுறேன், நீளமா போச்சுன்னா பொறுத்துக்கங்க.

நான் திண்டுக்கல் பக்கம் 22 வருஷம் டாக்சி ஓட்டினவன். டீசல் அம்பாசிடர், 1988 மாடல், 1489 சிசி இன்ஜின். பாதி சவாரி கொடைக்கானலுக்கு தான், வத்தலக்குண்டு தாண்டினா மலை, மேல போய் சேரும்போது 7000 அடி. இப்ப டாக்சி ஓட்டுறதில்ல, போர்ட மாத்தி சொந்த வண்டியா வச்சிருக்கேன், வீட்டுக்காரங்கள ஆஸ்பத்திரிக்கு கூட்டிப்போக, சொந்தக்காரங்க கல்யாணம் காதுகுத்துக்கு போகன்னு இன்னும் ஓடுது. என் பொண்ணு பிறந்தப்ப ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்ததும் இதுல தான், அவ கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு வந்ததும் இதுல தான், இத காயலான் கடைக்கு போட எனக்கு மனசு வராது.

விஷயத்துக்கு வர்றேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் மதுரையில இருந்து நாலு வழிச்சாலையில வந்துட்டு இருக்கேன், ஹவுசிங்ல இருந்து, அதாவது பின் சக்கரம் ரெண்டுக்கும் நடுவுல பல்சக்கரங்கள் இருக்கிற இரும்பு கூட்டுல இருந்து, ஊளை சத்தம். ஆக்சிலேட்டர் மிதிச்சா ஊளை, காலை எடுத்தா நின்னுரும். வளைவுல திரும்பும்போது சத்தம் மாறினா வீல் பேரிங்கா இருக்கும், இது மாறல, மிதிக்கும்போது மட்டும் வந்துச்சு, அப்பவே எனக்கு வயித்துல புளிய கரைச்சுருச்சு. பட்டறையில ஆயில் இறக்கி பார்த்தா அதுல வெள்ளி பொடி மாதிரி மினுமினுன்னு இரும்புத்தூள், கையால துழாவினா அரிசி அளவுக்கு ஒரு பல்லு முனை சிக்குச்சு. கிரவுன்ங்கிற பெரிய பல்சக்கரத்தோட பல்லு போச்சு.

அம்பாசிடர் பின்னாடி ஆக்சில் இங்கிலீஷ்காரன் மாரிஸ் ஆக்ஸ்போர்டுல இருந்து வந்தது. இந்த அமைப்புல ஒரு நல்லது என்னன்னா ரெண்டு பக்கமும் ஆக்சில் ஷாஃப்ட்ட வெளிய இழுத்துட்டு, இன்ஜின் பக்கத்துல இருந்து வர்ற ஷாஃப்ட்டோட ஜாயிண்ட்ட கழட்டிட்டு, நடுவுல இருக்கிற கேரியர மட்டும் முன்பக்கமா வெளிய எடுத்துரலாம், கிரவுன், அத சுத்துற சின்ன பல்சக்கரமான பினியன் எல்லாம் அதோடயே வந்துரும், ஹவுசிங் குழாய் ஸ்பிரிங் பட்டை மேலயே இருக்கும். குழாய் வளைஞ்சிருந்தா, இல்ல பட்டை உக்கார்ற இடம் துரு ஏறி அரிச்சிருந்தா மட்டும் தான் யூ போல்ட் கழட்டி முழு ஆக்சிலையும் மாத்தணும். எனக்கு பட்டை உக்கார்ற இடமும் ஒரு பக்கம் அரிச்சு போயிருந்துச்சு, அதனால முழு ஆக்சிலே வேணும்.

புதுசுக்கு எங்க போறது? கொல்கத்தா பக்கம் உத்தர்பாராவுல ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 மே மாசத்தோட அம்பாசிடர நிறுத்திட்டாங்க, 2017-ல அந்த பேரையே 80 கோடிக்கு பியூஜோ கம்பெனிக்கு கொடுத்துட்டாங்க. பேரிங், ஆயில் சீல், பிரேக் லைனர் இதெல்லாம் இன்னும் கடையில புதுசா கிடைக்குது, ஆனா முழு ஆக்சில்னா உடைச்ச வண்டியில இருந்து வந்தா தான் உண்டு. சென்னை புதுப்பேட்டை, கோயம்புத்தூர் உக்கடம் பக்கம் எல்லாம் அந்த காலத்துல நானே போய் வேண்டியத பொறுக்கிட்டு வந்திருக்கேன், அங்க கை தொட்டு பார்த்தே சொல்ற ஆளுங்க இருந்தாங்க. இந்த தடவை அவ்வளவு தூரம் அலைய முடியல, வெளியூர்ல ஒரு கடையில இருக்குன்னு கேள்விப்பட்டு டெம்போ வச்சு போனேன்.

அந்த கடைக்காரர்கிட்ட இது எந்த மாடல்ல இருந்து வந்தது, பல்லு எத்தனைன்னு கேட்டேன். "எல்லாம் ஒரே அம்பாசிடர் தாண்ணே, மாட்டினா ஓடும்"னாரு. திறந்து பார்க்கலாமான்னு கேட்டதுக்கு திறந்தா எடுத்துக்கணும்னாரு. பில்லும் கிடையாது. வெயில்ல நின்னு பேரம் பேசி களைச்சு போய், சரி போகட்டும்னு எடுத்துட்டு வந்துட்டேன், அங்கயே சுத்தி பார்த்து பல்லு கணக்கு எடுக்காம வந்தது என் தப்பு.

எங்க மெக்கானிக், அவங்க அப்பா காலத்துல இருந்து எனக்கு பழக்கம், வந்து இறக்கினதும் "மாமா, மாட்டுறதுக்கு முன்னாடி கேரியர கழட்டி பார்த்துருவோம்"னு சொன்னான். கழட்டி டீசல்ல கழுவி துடைச்சு வெளிச்சத்துல வச்சு பார்த்தா கிரவுன் முகத்துல ஒரு நம்பர் கீறியிருக்கு, பினியன்ல வேற நம்பர். இது தெரியாதவங்களுக்கு சொல்றேன், கிரவுனும் பினியனும் ஃபேக்டரியிலேயே ஒண்ணோட ஒண்ண சேர்த்து தேய்ச்சு ஜோடியா விடுற சாமான், அதுக்கு தான் ரெண்டுலயும் ஒரே நம்பர் போடுறது. ஜோடி மாறிட்டா பல்லு எண்ணிக்கை ஒண்ணா இருந்தா கூட சேராது. பல்லு எங்க படுதுன்னு காட்டுற மார்க்கிங் புளூ சாயம் தடவி சுத்தி காட்டினான், பல்லோட நடுவுல பட வேண்டிய தடம் ஓரத்துல நகக்கீறல் மாதிரி மெலிசா விழுந்திருக்கு. அந்த ஓரத்துல தான் மொத்த இழுவையும் விழும், முதல்ல ஊளை, அப்புறம் பல்லு உடையும். யாரோ ரெண்டு உடைஞ்ச வண்டியில இருந்து வண்டிக்கு ஒண்ணா எடுத்து ஒண்ணா கட்டி வித்திருக்காங்க.

நான் அந்த கடைக்காரர்கிட்ட போய் கேட்டேன், அவர் வித்தது வித்தது தான்னுட்டாரு. அத விட்டுட்டேன்.

ஹவுசிங் குழாய் நல்லா இருந்ததால அத வச்சுக்கிட்டு, வேற இடத்துல ஒரு கேரியர் வாங்கி மாட்டினோம். அது ஜோடி சரி, சத்தம் இல்ல, ஆனா வண்டி ஓட்டும்போது ஏதோ வித்தியாசம். ஸ்பீடோமீட்டர் 60 காட்டுது, பக்கத்து சீட்ல இருக்கிற பையன் செல்போன்ல பார்த்து 68 போறீங்கன்னு சொல்றான். ஏன்னா என் வண்டியில பழசு 8-39, அதாவது பினியன்ல 8 பல்லு, கிரவுன்ல 39 பல்லு, புதுசா மாட்டினது 10-43. ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர்பாக்ஸ்ல இருந்து வர்றதால ஆக்சில் மாறினது அதுக்கு தெரியாது. நாலு வழிச்சாலையில இது சுகம் தான், அதே வேகத்துக்கு இன்ஜின் நூத்துக்கு 12 பங்கு குறைவா சுத்துது, டீசலும் மிச்சம். ஆனா பேத்திய கூட்டிட்டு கொடைக்கானல் ஏறினேன் பாருங்க, முன்னாடி செகண்ட்ல ஏறின கொண்டை ஊசி எல்லாம் ஃபர்ஸ்ட் கேக்குது, இன்ஜின் முக்குது, டெம்பரேச்சர் முள்ளு மேல போகுது. அந்த சின்ன டீசல் இன்ஜினுக்கு 8-39 எவ்வளவு பெரிய துணைன்னு அன்னிக்கு தான் எனக்கு முழுசா புரிஞ்சது. மலை டாக்சிக்காரன் எவனாவது தெரியாம இத வாங்கி மாட்டியிருந்தா அவன் பொழப்பு என்ன ஆகும்?

எண்ணிக்கைய கண்டுபிடிக்க பெரிய படிப்பு ஒண்ணும் வேணாங்க. கேரியர் தனியா இருந்தா பினியன் ஃபிளேஞ்சுல, அதாவது ஜாயிண்ட் மாட்டுற தட்டுல, ஒரு சாக்பீஸ் கோடு, கிரவுன்ல ஒரு கோடு, ஃபிளேஞ்ச கையால சுத்தணும், கிரவுன் ஒரு சுத்து முடிக்கும்போது ஃபிளேஞ்சு கிட்டத்தட்ட அஞ்சு சுத்து வந்தா 8-39, நாலரை வந்தா 9-41, நாலேகால தாண்டி கொஞ்சம் வந்தா 10-43. வண்டியில மாட்டியிருந்தா முன் சக்கரத்துக்கு கட்டை வச்சுட்டு பின்னாடி ரெண்டு பக்கமும் ஸ்டாண்டுல தூக்கி, ஒரு சக்கரத்த அசையாம பிடிச்சுக்கிட்டு இன்னொண்ண ரெண்டு சுத்து சுத்தினா ஜாயிண்ட் அதே கணக்குல சுத்தும். ஒரு சக்கரத்த பிடிச்சா ஏன் ரெண்டு சுத்துன்னா ரெண்டு சக்கரத்தையும் வேற வேற வேகத்துல சுத்த விடுற டிஃபரன்ஷியல் பாதிய விழுங்கிரும். ரெண்டு நிமிஷ வேலை. கழட்டுற அன்னிக்கே கடைக்காரர் இத செஞ்சு பெயிண்ட்ல எழுதி வச்சா, வாங்குறவன் நூறு கிலோமீட்டர் அலைய வேண்டியதில்ல.

இன்னொண்ணும் சொல்லணும், இது உயிர் விஷயம். அந்த கடையில வாங்குன ஹவுசிங் வருஷக்கணக்கா வெயில்ல கிடந்தது, பேரிங் பக்க ஆயில் சீல் ரப்பர் எல்லாம் ஓடு மாதிரி இறுகிப் போச்சு. மெக்கானிக் ஒரு பக்கம் சீல் மாத்தினான், இன்னொரு பக்கம் பார்க்க நல்லா இருக்குன்னு நான் தான் விடச் சொன்னேன். ஹவுசிங் மேல காத்து போற சின்ன ஓட்டையில சேறு அடைச்சிருந்ததையும் கவனிக்கல. ஓடி சூடானா உள்ள காத்து விரியும், போக வழியில்லன்னா ஆயில சீல் வழியா தள்ளும். பத்து நாள் கழிச்சு சாயங்காலம் மாடு ஒண்ணு குறுக்க வந்துச்சு, பிரேக் மிதிச்சா வண்டி ஒரு பக்கமா இழுத்துட்டு போய் ரோட்டோர புளியமரத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்னுச்சு. டிரம்ம கழட்டினா லைனர் முழுக்க கியர் ஆயில், விரலால தொட்டா வழுக்குது, கந்தக நாத்தம் வேற. பின்னாடி சீட்ல என் வீட்டுக்காரங்க உக்காந்திருந்தாங்க. இன்னிக்கும் அத நினைச்சா கை நடுங்குது.

அதனால பழைய ஆக்சில் மாட்டுற எல்லாருக்கும் சொல்றேன், குழாய், கேரியர், ஆக்சில் ஷாஃப்ட் பழசு போடலாம், ஷாஃப்ட் நுனியில வெட்டியிருக்கிற ஸ்பிளைன் கோடு நேரா இருக்கான்னு பார்த்துக்கங்க, முறுக்கின மாதிரி இருந்தா அது ஒரு தடவை செத்துப் பிழைச்ச ஷாஃப்ட், வேணாம். சீல், லைனர், வீல் சிலிண்டர், பிரேக் ஹோஸ் மட்டும் எவன் ஓசியில கொடுத்தாலும் பழச போடாதீங்க.

இப்ப நான் கேக்குறது இது தான். அரசு ஆபீஸ்ங்கள்ல நின்ன அம்பாசிடர் எல்லாம் லாக் புக் வச்சு சர்வீஸ் பார்த்து ஓடின வண்டி, ஏலத்துல போய் அப்படியே எடை போட்டு உருக்குக்கு போகுது. கொல்கத்தாவுல மஞ்சள் டாக்சிங்களும் 15 வருஷம் ஆச்சுன்னு ஒண்ணொண்ணா ஓரம் கட்டுறாங்க, கடைசியா 2014-ல வெளிய வந்த வண்டிக்கே 2029-ல 15 வருஷம் முடிஞ்சுரும். அதுக்கப்புறம் கழட்டுறதுக்கு கூட வண்டி வராது. உடைக்கிறதுக்கு அனுமதி வாங்கின இடங்கள்ல ஆக்சில தனியா கழட்டி, எந்த வண்டி, என்ன வருஷம், பல்லு எத்தனை, ஜோடி நம்பர் என்னன்னு ஒரு தகட்டுல அடிச்சு கட்டி, பில்லோட விக்கணும். ஆர்சி புக்குல இன்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் தான் இருக்கு, ஆக்சிலுக்கு ஒரு அடையாளமும் இல்ல, திருட்டு வண்டியில இருந்து கழட்டி வந்தா கூட வாங்குறவனுக்கு தெரியாது. பில்லும் தகடும் இருந்தா அந்த பயமும் இல்ல. வட்டார போக்குவரத்து அதிகாரிங்க உடைக்கிற இடத்த பார்க்க போகும்போது இத ஒரு வார்த்தை சொன்னாலே நடக்கும்னு நான் நம்புறேன். தனியார் கடைக்காரங்களும் யோசிக்கணும், இரும்பு விலைக்கு போற சாமான் பல்லு எண்ணிக்கை எழுதி வச்சா ரெண்டு மடங்குக்கு போகும், நஷ்டம் யாருக்கும் இல்ல.

எங்கிட்ட இப்ப ரெண்டு கேரியர் இருக்கு. ஒண்ணு அந்த 10-43, கொடைக்கானலுக்காக திரும்ப 8-39 தேடிப் பிடிச்சு மாட்டினதும் இத கழட்டி வச்சேன். இன்னொண்ணு உறவுக்காரர் வண்டிய உடைச்சப்ப வாங்கி வச்ச 9-41. ரெண்டையும் கிரீஸ் பூசி சாக்குல சுத்தி திண்ணையில வச்சிருக்கேன், மேல வெள்ளை பெயிண்ட்ல பல்லு எண்ணிக்கையும் வருஷமும் எழுதியிருக்கேன். தேவைப்படுறவங்க ஊர்ல இருக்கிற பழைய அம்பாசிடர் மெக்கானிக் யாரையாவது கேட்டா எனக்கு சொல்லி விடுவாங்க, திறந்து சுத்தி பார்த்துட்டே எடுத்துக்கலாம்.

இப்படிக்கு,
அம்பாசிடர் டிரைவர் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்.