சுவருக்குத் தண்ணீர்ப் பெயின்ற்

அன்புள்ள தங்கச்சிக்கு,

வீட்டிலேயே ஐந்து பிள்ளைகளை வைத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டீராம். ஒன்றரை வயதிலிருந்து ஆறு வயது வரை, உப்புவெளி வெயில், ஒரேயொரு ஃபான். கேட்கவே எனக்கு வியர்த்தது. விளையாட்டுச் சாமானுக்கும் கலர் பேப்பருக்கும் மாதம் எவ்வளவு ஒதுக்கலாம் என்று கேட்டிருந்தீர். ஒரு சதமும் ஒதுக்க வேண்டாம்.

உவர்மலையில் நான் பிள்ளை பார்த்த முதல் வருடம் எல்லோரையும் கொண்டு பஞ்சு முயல் செய்வித்தேன். செய்வித்தேன் என்பதே பொய். காது வெட்டியது நான், பசை பூசியது நான், கண் ஒட்டியதும் நான். பின்னேரம் அம்மாமாருக்குக் காட்ட ஐந்து முயல்கள் ஒரே அச்சில் வரிசையாக நின்றன. பிள்ளைகளோ பஞ்சு வந்த மட்டைப்பெட்டிக்குள் ஒருத்தனை ஏற்றி விறாந்தை முழுக்கத் தள்ளிக்கொண்டு திரிந்தார்கள். அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். இன்னும் இரண்டு வருடம் பிடித்தது.

பழைய பெயின்ற் பிரஷ் ஒன்றும் அரை வாளித் தண்ணீரும் கொடுத்து, மதில் சுவருக்குப் பெயின்ற் அடிக்கச் சொல்லிப் பாரும். என்னிடம் மூன்று வயதுக்காரி ஒருத்தி இருந்தாள். கேற்றடியில் தொடங்கி, நாக்கை வெளியே நீட்டியபடி, ஒவ்வொரு கல்லாக நனைத்துக்கொண்டு கிணற்றடி வரை போவாள். போய்த் திரும்பிப் பார்த்தால் கேற்றடிச் சுவர் காய்ந்து வெளுத்திருக்கும். சூடாக, வறண்டு வீசும் கச்சான் காற்றுக்கு அது எத்தனை நிமிட வேலை! அவளுக்குக் கோபமே வராது. "காஞ்சிட்டுது அன்ரி" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு மறுபடி கேற்றடிக்கு நடப்பாள். நான் அந்த நேரத்தில் ஒரு பானை சோறு வடித்திருக்கிறேன், வாசலில் நின்று அவளைப் பார்த்தபடியே.

பார்த்தபடியே என்பதை அழுத்திச் சொல்கிறேன். பேசினில் இரண்டு விரல் தண்ணீர் இருந்தாலும் சின்னது குப்புற விழுந்தால் மூச்சு முட்டிவிடும். உள்ளே போக வேண்டுமென்றால் தண்ணீரை முதலில் ஊற்றிவிடும். செவ்வரத்தை அடியில் ஊற்றினால் அதுவும் பூக்கும், நுளம்பும் பெருகாது. டெங்கு நுளம்புக்கு ஒரு கிழமை தேங்கிய தண்ணீரே காணும்.

இன்னொன்று. இரண்டு பேசினில் தண்ணீர் நிரப்பி ஒன்றை வெயிலிலும் மற்றதை வேம்பின் நிழலிலும் வையும். அரை மணித்தியாலம் கழித்துக் கையை வைத்துப் பார்க்கச் சொல்லும் (உம்முடைய முழங்கையை முதலில் வையும்). கன்னியா வெந்நீர்க் கிணற்றுக்குப் போய்வந்த பிள்ளை ஒன்று இருந்தால் போதும், வெயில் பேசினுக்குக் கன்னியா என்று பெயர் வந்துவிடும். அங்கே ஏழு கிணறும் ஏழு சூடு அல்லவா, இங்கேயும் ஏழு பேசின் வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். சிரட்டைகளைக் கொடுத்துச் சமாளியும். அடியில் கண் திறந்த சிரட்டை என்றால் தண்ணீர் ஒழுகுவதைப் பார்த்தே ஒரு காலை போய்விடும். மிச்சமுள்ள சிரட்டை மண்ணில் புட்டு அவிக்க.

கைவேலை என்றால் ஓலைதான். தென்னோலைக் கீற்று இரண்டை ஒன்றுக்குள் ஒன்று மடித்துக் கோத்து நடுவில் ஈர்க்குக் குத்தினால் காற்றாடி. கோப்பது பெரிய பிள்ளையின் வேலை, ஓடுவது சின்னதின் வேலை. பூவரசம் இலையைச் சுருட்டி ஒரு நுனியை நசுக்கினால் பீப்பீ. ஐந்து பீப்பீ சேர்ந்தால் பக்கத்து வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

உப்பு மாவும் செய்யலாம். கோதுமை மா இரண்டு கப், உப்பு ஒரு கப், தண்ணீர் ஒரு கப்புக்குக் கொஞ்சம் குறைய. நிறத்துக்கு மஞ்சளும் பீற்றூட் அவித்த தண்ணீரும். கச்சான் காலத்தில் நன்றாகக் காயும், மாரி வந்தால் ஈரம் குடித்து இளகிவிடும். உப்புக் கூடுதல் என்பதால் வாயில் வைக்கிற வயதுக்கு இது ஆகாது. உம்முடைய ஒன்றரை வயதுக்காரருக்கு ரொட்டிக்குக் குழைத்ததில் ஒரு பிடி கிள்ளிக் கொடும்.

குன்றிமணியை வளவுக்குள் விடாதேயும். சிவப்பும் கறுப்புமாக ஆசையாக இருக்கும், விதைக்குள் கொடிய நஞ்சு. அலரிக்காயும் அப்படியே. வேலியோரம் அலரி நின்றால் பூப்பொறுக்கும் விளையாட்டு அந்தப் பக்கம் வேண்டாம்.

காலை பத்து மணிக்குப் பிறகு எல்லாரையும் உள்ளே எடுத்துவிடும். நாலு மணி வரை கதை, நித்திரை, மட்டைப்பெட்டி. படம் அனுப்பச் சொல்லி அம்மாமார் கேட்டால், காய்ந்த சுவரைப் படம் எடுத்து அனுப்பும். நான் ஒருமுறை அனுப்பினேன். "என்ன இது, ஒன்றுமில்லையே" என்று பதில் வந்தது. பிள்ளை வீட்டுக்குப் போய் மிச்சத்தைச் சொல்லியிருக்கிறாள், அடுத்த நாள் அந்த அம்மாவே ஒரு பிரஷ் கொண்டுவந்து தந்தார்.

அதோடு சேர்த்து நாலு பிரஷ் உமக்கு எடுத்து வைத்திருக்கிறேன். மயிர் கொட்டுகிறது, ஆனாலும் தண்ணீருக்குக் காணும். சனிக்கிழமை இந்தப் பக்கம் வந்தால் எடுத்துக்கொண்டு போம்.

அன்புடன்,
உவர்மலை அக்கா