“தப்பா?” என்று மட்டும் கேட்கும் மூப்பர்களுக்கும் வாலிபர் தலைவர்களுக்கும்

அன்பான மூப்பர்களே, வாலிபர் ஊழியத்தை நடத்தும் அண்ணன்மாரே, அக்காமாரே,

சபையின் ஐக்கிய விருந்தில் ஒயின் வைக்கலாமா என்ற பேச்சு வரும்போதெல்லாம் நீங்கள் கேட்பது ஒன்றுதான்: “தப்பு என்று வேதத்தில் எங்கே இருக்கிறது?” சரி, ஒத்துக்கொள்கிறேன். குடிவெறி பாவம் என்றுதான் இருக்கிறதே தவிர ஒரு கிண்ணம் பாவம் என்று இல்லை, இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கின கானாவூர் கல்யாணத்தை எனக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அதே மேஜையில், குடியை விட்டுவிட்டு இப்போதுதான் எழுந்து நிற்கிற ஒருவரும் உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி, பாட்டில் கைமாறிக் கைமாறித் தன் பக்கம் வருவதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஜெபம் பண்ணின மூப்பரே ஊற்றிக்கொள்கிறார், நாம் கொஞ்சம் எடுத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றாதா? உங்களுக்கு ஒரு கிண்ணத்தோடு முடிந்துவிடும். அவருக்கு முடியாது.

அப்போஸ்தலன் பவுல் கொரிந்து சபைக்கு எழுதின முதல் நிருபத்தைப் பாருங்கள், அங்கே நடந்ததும் இதுதானே. விக்கிரகம் ஒன்றுமில்லை, அதனால் அதற்குப் படைத்த இறைச்சியும் வெறும் இறைச்சிதான் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள், பவுலும் மறுக்கவில்லை, கடையில் விற்பதை ஒன்றும் விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடுங்கள் என்றே எழுதினார். ஆனால் நேற்றுவரை அந்த விக்கிரகத்தைக் கும்பிட்டவன், நீ கோயில் பந்தியில் இருப்பதைப் பார்த்துத் தானும் சாப்பிட்டுக் கெட்டுப்போனால்? “அவனுக்காகக் கிறிஸ்து மரித்தாரே” என்கிறார். அடுத்த அதிகாரத்தில் தன் விஷயத்துக்கே வருகிறார். சுவிசேஷத்தை அறிவிக்கிறவனுக்கு அதனாலே பிழைக்க உரிமை உண்டு என்று ஒரு வக்கீல் மாதிரி வாதாடி நிரூபித்துவிட்டு, எனக்கு அது வேண்டாம் என்று விட்டுவிடுகிறார். அந்த ஊரில் அவர் கூடாரத் தொழில் செய்து பிழைத்தவர்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த மடலை வேறு சிலர் கையில் எடுத்துக்கொள்வார்கள். கிதார் வாசித்தால் எனக்கு இடறல் (விசுவாசத்தில் என்னைத் தடுக்கி விழவைக்கும்), அந்தப் பெண்ணின் உடை எனக்கு இடறல் என்று எதற்கெடுத்தாலும் கையைத் தூக்குகிறவர்கள் உண்டு. அவர்கள் யாரும் அதனால் விழப்போவதில்லை, பிடிக்கவில்லை, அவ்வளவுதான். யூதர்கள் நடுவே ஊழியத்துக்குத் தடையில்லாமல் இருக்கத் தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் பண்ணிவைத்த அதே பவுல், இன்னொரு உடன் ஊழியனான தீத்துவுக்கும் பண்ணியே தீரவேண்டும் என்று சிலர் நெருக்கியபோது ஒரு நாழிகைகூட இணங்கவில்லை, இணங்கினால் சுவிசேஷமே வேறாகிவிடும். யார் விழுகிறார், யார் முறைக்கிறார் என்று பிரித்துப் பார்ப்பதற்குத்தானே மூப்பர்கள்!

அடுத்த விருந்தில் பொது மேஜைக்குப் பாட்டில் வேண்டாம். தயவுசெய்து அந்த மனிதரைத் தனியே கூப்பிட்டு “உங்களுக்குப் பரவாயில்லையா?” என்று கேட்டுவிடாதீர்கள், பரவாயில்லை என்றுதான் சொல்வார். உங்கள் வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை, ரோமர் 14:22 அதை உங்களுக்கும் தேவனுக்கும் நடுவே விட்டுவிடுகிறது.

இப்படிக்கு,
அதே மேஜையில் உட்காரும் ஒரு சகோதரன்